காலுறைக்குள் ஒளித்த கொப்புளம்

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு 58 வயது. புற்றுநோய்க்காக இடது சிறுநீரகத்தை எடுத்து 4 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் புற்று நுரையீரலில் தெரிந்தது. அன்றிலிருந்து சுனிட்டினிப் மாத்திரை. 4 வாரம் போடுவார், 2 வாரம் நிறுத்துவார். ஒவ்வொரு ஸ்கேனிலும் கட்டி வளரவில்லை என்றே சொல்கிறார்கள். ஆனால் உள்ளங்கால் கொப்பளித்துக் குதிகாலால் நடக்கிறார். மருத்துவரிடம் மட்டும் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். எனக்குத் தெரியாது என்று நினைத்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். உறவினர்கள் "இன்னும் எத்தனை கீமோ பாக்கி?" என்று கேட்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் நான் மருத்துவரிடம் பேசலாமா? உண்மையில் எனக்கே அலுத்துவிட்டது. இதை எழுதவே கூசுகிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் வலி மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை காத்திருக்கும், அது காத்திருக்காது. ஐபுபுரோபன், டைக்குளோபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அவருக்கு இருப்பதோ ஒரே சிறுநீரகம். சுனிட்டினிப்பும் அழுத்தத்தை ஏற்றும் மருந்துதான். அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்து, இன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், ஆனால் அவர் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

மறைப்பது எனக்குப் பழக்கமான விஷயம். எனக்கும் இதே நோய்; இது ஏழாவது ஆண்டு. முதல் மருந்து உங்கள் கணவர் போடும் அதே மாத்திரைதான். நாளைக்கு எட்டு முறை வயிற்றுப்போக்கு, மருத்துவரிடம் "ஒன்றிரண்டு" என்பேன். ஐந்து மாதம் இப்படி ஓட்டினேன். கடைசியில் எடை பார்க்கும் இயந்திரம் காட்டிக்கொடுத்தது: 9 கிலோ குறைந்திருந்தது. திட்டு விழும் என்று உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் ஒரு வாரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, 50 மில்லிகிராமை 37.5 ஆக்கி எழுதினார், அவ்வளவுதான். அடுத்த ஸ்கேனில் கட்டி இருந்தபடியே இருந்தது. எல்லோருக்கும் அப்படியே ஆகும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. அளவை மாற்றலாம், 2 வாரம் போட்டு 1 வாரம் விடும்படி கணக்கை மாற்றலாம், காலுக்கு யூரியா கலந்த களிம்பு இருக்கிறது. காலின் நிலை தெரிந்தால்தானே அவர்கள் எதையாவது மாற்றுவார்கள்?

அவர் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 2005 டிசம்பரில் இதே வகை மாத்திரையான சோராபெனிப்புக்கும் 2006 ஜனவரியில் சுனிட்டினிப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைக்கும்வரை, பரவிய சிறுநீரகப் புற்றுக்கு நோயெதிர்ப்பைத் தூண்டும் இன்டர்பெரான், இன்டர்லியூக்கின் ஊசிகள் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஒரே கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவன் கை எரிகிறது என்று சொல்லமாட்டான். இன்று கயிறு ஒன்றல்ல. 2015இல் நிவோலுமாப், 2016இல் கேபோசான்டினிப், பிறகு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறைகள் என்று வந்துகொண்டே இருக்கின்றன. நான் இப்போது மூன்றாவது மருந்தில் இருக்கிறேன்.

உறவினர்களுக்கு: இது கீமோவே அல்ல. வழக்கமான கீமோவுக்கு இந்தப் புற்று பெரும்பாலும் மசியாது. இதன் மிகப் பரவலான வகையில் விஎச்எல் என்ற மரபணு கெட்டிருக்கும். செல்லுக்குப் போதிய ஆக்சிஜன் இருந்தாலும் மூச்சு முட்டுவதாக நினைத்து, புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொண்டே இருக்கும். (செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்குத்தான் 2019இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.) அந்த அழைப்பைத் தடுப்பதுதான் இந்த மாத்திரையின் முக்கிய வேலை. மருந்து வேலை செய்கிற வரை போடுவது, எண்ணி முடிக்கிற கணக்கு இல்லை. "சர்க்கரை நோய்க்காரரிடம் இன்னும் எத்தனை மாத்திரை பாக்கி என்று கேட்பீர்களா?" என்று நான் திருப்பிக் கேட்டதில் ஒரு மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நட்டமில்லை. ஒப்புமை முழுதும் பொருந்தாது என்பதும் தெரியும். இங்கே மருந்து ஒருநாள் கேட்காமல் போய்விடும்.

அந்த மருந்துக் காலத்தில் என் மீசையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை, கொஞ்சம் கறுப்பு, மறுபடி வெள்ளை. மாத்திரை போட்ட வாரங்களில் நிறம் போய், விட்ட வாரங்களில் திரும்பியிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தவள், கறுப்பு இருந்த இடத்தை நகத்தால் தொட்டு, "இந்த வாரங்களில்தான் நான் தூங்கினேன்" என்றாள்.

உங்கள் அலுப்பைப் பற்றி அதற்குமேல் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. கூச வேண்டாம். நல்ல முடிவு வந்த ஒருநாள், "அப்படியானால் மறுபடி மூன்று மாதமா?" என்று அவள் வாய்தவறிக் கேட்டிருக்கிறாள். அடுத்த ஸ்கேனைத்தான் சொன்னாள்.

மருத்துவரிடம் ரகசியமாகப் பேச வேண்டாம். பிறகு உங்களிடமும் மறைப்பார். ஒன்று கவனித்தீர்களா? மருந்தில்லாத இரண்டு வாரம் முடியும்போதுதான் நாங்கள் மருத்துவரைப் பார்க்கப் போவோம். அதற்குள் தோல் பாதி ஆறியிருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால், அவர் காலைப் பார்த்தாலும் மருத்துவருக்குப் புரியாது. நாலாவது வாரம், குதிகாலால் நடக்கும் அந்த நாட்களில், அவர் கண்முன்னாலேயே உள்ளங்காலைப் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அறையில் அவர் வழக்கம்போல "எல்லாம் சரி" என்று சொல்லட்டும். நீங்கள் தொலைபேசியை மேசைமேல் வையுங்கள்.