மூன்று சிலிண்டர் இஞ்சின் தோட்டத்துச் சாலைக்குத் தாங்குமா?

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். என் மனைவி மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அவர் ஓட்டுவதற்குப் பழைய காடி ஒன்று தேடுகிறோம். 98,000 கிலோமீட்டர் ஓடிய 2015ஆம் ஆண்டு பெரோடுவா அக்சியா ஆட்டோ ஒன்றும், 162,000 கிலோமீட்டர் ஓடிய 2009ஆம் ஆண்டு மைவி 1.3 ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறோம். மூன்று சிலிண்டர் இஞ்சின் நாள்பட உழைக்காது என்று என் மைத்துனர் தடுக்கிறார். எதை வாங்கலாம் ஐயா?

பதில்: அக்சியாவையே வாங்கலாம். ஆனால், அதன் கூலன்டும் (இஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்) இஞ்சின் எண்ணெயும் காலத்தோடு மாற்றப்பட்டு வந்திருக்கின்றன என்று நீங்கள் நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். சிறிய இஞ்சின்கள் கெடுவது சிலிண்டர் எண்ணிக்கையால் அன்று, அவற்றுக்கு ஊற்றப்படும் தண்ணீராலும் ஊற்றப்படாத எண்ணெயாலுமே என்பது பட்டறையில் நான் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை.

2014இல் வெளிவந்த அக்சியாவில் இருப்பது 998 சிசி கொண்ட 1கேஆர்-டிஇ2 இஞ்சின். நிமிடத்துக்கு 6000 சுழற்சியில் 66 குதிரைத்திறனும், 3600 சுழற்சியில் 90 நியூட்டன்மீட்டர் முறுக்குவிசையும் தரும். நீங்கள் பார்த்த மைவியின் 1298 சிசி கே3-விஇ இஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள், ஏறத்தாழ 87 குதிரைத்திறன். எண்ணிக்கையில் இடைவெளி பெரிதாகத் தெரிந்தாலும், அக்சியாவின் எடை சுமார் 850 கிலோ மட்டுமே என்பதால், சமதரைச் சாலையில் அந்த வேறுபாடு உங்கள் மனைவிக்கு அவ்வளவாகத் தெரியாது. இரண்டு இஞ்சின்களிலும் வால்வுகளைக் காலந்தவறாமல் இயக்குவது டைமிங் செயின் என்னும் சங்கிலிதான். பழைய பெரோடுவா கன்சிலைப் போலக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை பெல்ட் மாற்ற வேண்டியதில்லை.

உங்கள் மைத்துனரின் ஐயத்துக்குக் காரணம் உண்டு. நான்கு சிலிண்டர் இஞ்சினில் கிராங்க் தண்டு 180 பாகை சுற்றும்போதெல்லாம் ஒரு வெடிப்பு நிகழ, மூன்று சிலிண்டரில் 240 பாகைக்கு ஒருமுறைதான் நிகழ்கிறது. மேலும் ஓரத்துப் பிஸ்டன்கள் இரண்டும் இஞ்சினை முன்னும் பின்னுமாக ஆட்டுகின்றன. அந்த ஆட்டத்தை அடக்கும் சமநிலைத் தண்டு இதில் கிடையாது. அதனால் சமிக்ஞை விளக்கில் ஏர்கோன் போட்டுக்கொண்டு நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் வரும். இது இயல்பு, தேய்மானம் அன்று. நடுக்கம் பற்களைக் கிட்டவைக்கும் அளவுக்கு இருந்தால், பெரும்பாலும் இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் வெடித்திருக்கும். அதை மாற்றினால் போதும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது, கூலன்டை இஞ்சினுக்குள் சுற்றவிடும் தண்ணீர் பம்பைத்தான். இதே 1கேஆர் குடும்பத்து இஞ்சின் 2005 முதல் ஐரோப்பாவில் டொயோட்டா அய்கோ, பியூஜோ 107, சிட்ரோயென் சி1 ஆகிய சிறு காடிகளில் ஓடியது. அங்கேயும் பம்புக் கசிவு பலரும் அறிந்த குறைதான். கசிவு சிறிதாகத் தொடங்கும். கூலன்ட் குறைவதைக் கண்டவர் குழாய்த் தண்ணீரை ஊற்றுவார், உள்ளே துரு பிடிக்கும், பம்பின் சீல் இன்னும் விரைவாகத் தேயும், ஒருநாள் சூடேறி அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அண்மையில் என்னிடம் இழுத்து வரப்பட்ட ஒரு காடியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது, கொட்டிய நீர் செம்மண் சாலையில் மழைக்குப் பின் ஓடும் தண்ணீரின் நிறத்தில் இருந்தது. முன்பு அதைப் பார்த்த ஒரு பட்டறை, வெப்பத்துக்கேற்பக் கூலன்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்திருந்தது. "சூடேறாமல் இருக்கட்டும்" என்று செய்யப்படும் இந்த வேலையால் இஞ்சின் தனக்குரிய வெப்பத்தை எட்டாமல் பெட்ரோலை வீணாகக் குடிக்கிறதே தவிர, கசிவு நிற்பதில்லை.

ஆகவே விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் காடியைக் கிளப்புவதற்கு முன் விடியற்காலையில் போய்ச் சேருங்கள். போனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், முன்பே ஓட்டி வைத்திருக்கிறார் என்று பொருள், வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்திருந்தால் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உள்ளே துணி முனையை நனைத்தெடுங்கள். துணியில் தெளிவான நிறம் ஒட்ட வேண்டும், பழுப்புக் கசடு ஒட்டக்கூடாது. தண்ணீர் பம்பைச் சுற்றிக் காய்ந்த உப்புப் பொருக்கு போலத் தெரிந்தால் கசிவு உண்டு. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் கரிப்பசை தடித்திருந்தால் எண்ணெய் மாற்றம் தவறியிருக்கிறது. இஞ்சினைக் கிளப்பியதும் ஓரிரு நொடி செயின் சத்தம் கேட்டு அடங்கலாம், ஆனால் தொடர்ந்து கடகடத்தால் அந்தக் காடி வேண்டாம். அக்சியாவில் வெப்பமானி முள் இல்லை; குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கு எரியும், சில நிமிட ஓட்டத்தில் அணைய வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டியும் அணையவில்லையென்றால் தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கேளுங்கள்.

பெயர் மாற்றத்துக்காகச் செய்யும் புஸ்பாகோம் பி5 பரிசோதனையில் தேறிவிட்டது என்பதை இஞ்சினின் நலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே இஞ்சின் எண், சேசிஸ் எண், பிரேக், புகை போன்றவற்றைப் பார்ப்பார்களே அன்றி, கூலன்டைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

வாங்கிய பின் உங்கள் மனைவியின் ஓட்டமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று கிலோமீட்டரில் கூலன்ட் சூடேறினாலும் எண்ணெய் முழுமையாகச் சூடேறாது. இஞ்சினுக்குள் சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் எண்ணெயிலேயே கலந்துவிடும். இந்த இஞ்சினில் இருப்பது ஏறத்தாழ மூன்று லிட்டர் எண்ணெய்தான், எனவே அது விரைவில் கெடும். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்னும் கணக்கில் கிலோமீட்டரை மறந்துவிட்டு ஆறு மாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மூவாயிரம்தான் ஓடியிருந்தாலும் சரி. செம்மண் புழுதியில் ஓடுவதால் ஏர் ஃபில்டரையும் அப்போதே கழற்றிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போ கல்லுமலைக் கோயில்வரை ஒருமுறை போய்வருவது எண்ணெய்க்கும் நல்லது.

குடும்பத்தோடு ஐந்து பேராகச் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு அடிக்கடி போவதாக இருந்தால் மட்டும் மைவியைச் சொல்வேன். 3200 சுழற்சியிலேயே 116 நியூட்டன்மீட்டர் கிடைப்பதால் மலையேற்றத்தில் இஞ்சின் கதறாது. சாலை வரியும் அக்சியாவுக்கு 20 வெள்ளி, மைவிக்கு 70 வெள்ளி என்றுதான் வரும், முடிவை மாற்றும் தொகையன்று. ஆனால் தினமும் பள்ளிக்கூடம், வாரத்துக்கு ஒருமுறை ஈப்போ என்றால், அக்சியாவைவிட ஆறு ஆண்டு பழைய மைவியை அதிக ஓட்டத்தோடு வாங்குவதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

அக்சியா கைக்கு வந்தவுடன் எண்ணெய், கூலன்ட் இரண்டையும் மாற்றிவிட்டு, கூலன்ட் தொட்டியின் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். முதல் இரண்டு மாதம் வாரந்தோறும் காலையில், கிளப்புவதற்கு முன் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கினால், தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் நேரே பம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.