கவுண்டி ஜெயில் பதிவேட்டில் ஒருவரைத் தேடுவது எப்படி, அதில் எதை நம்பலாம்: கேள்வி பதில்

டெக்சாஸில் ஒரு ஷெரிஃப் அலுவலகத்தின் பதிவுப் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தேன். ஷெரிஃப் என்றால் உள்ளூர் போலீஸுக்கும் ஜெயிலுக்கும் பொறுப்பான அதிகாரி. கைதானவரின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் குடும்பத்துக்குப் பதில் சொல்வது, பதிவு கேட்டு மனு போடுகிறவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுப்பது, இதுதான் என் வேலை. நான் லாயர் இல்லை, வழக்கு பற்றிய ஆலோசனைக்கு லாயரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் பதிவு எங்கே இருக்கும், யாருக்குக் கிடைக்கும், எங்கெல்லாம் தப்பாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். கேளுங்கள்.

பாலசுப்பிரமணியன், தஞ்சாவூர்: அம்மா, என் மகன் டல்லாஸ் பக்கம் வேலையில் இருக்கிறான். இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை. போலீஸ் பிடித்துவிட்டதாக அவனோடு தங்கியிருக்கும் பையன் சொல்கிறான், எந்த ஜெயில் என்று அவனுக்கும் தெரியவில்லை. இங்கிருந்து எப்படித் தேடுவது?

பதில்: ஐயா, பதறாதீர்கள், கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்காவில் புதிதாகக் கைதாகிறவரைப் பெரும்பாலும் கவுண்டி ஜெயிலுக்குத்தான் கொண்டுபோவார்கள். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. மகன் எங்கே குடியிருக்கிறார் என்பதைவிட எந்த இடத்தில் பிடித்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். டல்லாஸ் பக்கம் என்றால் டல்லாஸ், காலின், டென்டன், டாரன்ட் என நான்கு கவுண்டிகள் ஒட்டியொட்டி இருக்கின்றன. நான்கு கவுண்டிகளின் ஜெயில் தேடல் தளங்களிலும் தேடுங்கள். ஊர் போலீஸின் சின்ன லாக்கப்பில் முதலில் வைத்துவிட்டு மறுநாள் கவுண்டிக்கு மாற்றுவதும் உண்டு, அதனால் பெயர் ஏறச் சில மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம்.

இப்போது முக்கியமான விஷயம். மகனின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அப்படித்தான் இருக்கும். அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் அவர் பெயரே சர்நேமாகப் போய்விடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று மூன்று எழுத்து விழும், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஜெயிலில் புக்கிங் செய்கிறவர், அதாவது கைதானவரின் விவரத்தைப் பதிவு செய்கிறவர், கையில் இருக்கும் அடையாள அட்டையைப் பார்த்து அப்படியே அடிப்பார். ஆகவே மகன் பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டுத் தேடுங்கள், அப்புறம் உங்கள் பெயரை சர்நேமாகப் போட்டுத் தேடுங்கள், இனிஷியலோடும் இல்லாமலும், முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் போட்டும் பாருங்கள். பிறந்த தேதி கேட்டால் அங்கே மாதம்தான் முதலில் வரும். சில தளங்கள் இந்தியாவிலிருந்து திறக்காது, அப்போது அந்தப் பையனைத் தேடச் சொல்லுங்கள், அல்லது ஜெயிலுக்கே போன் போடுங்கள். நான் வேலையில் இருந்தபோது ஓர் அம்மா மூன்று நாள் எங்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். பெயரில் ஓர் எழுத்து மாறி ஏறியிருந்ததால் 'அப்படி யாரும் இல்லை' என்றே அவருக்குப் பதில் போனது, பையன் அதே கட்டிடத்தின் மேல் மாடியில் இருந்தான். அதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

திவ்யா, சான் ஹோசே: ஜெயில், பிரிசன் இரண்டும் ஒன்றுதானே அக்கா?

பதில்: இல்லைம்மா. ஜெயில் உள்ளூர், பெரும்பாலும் ஷெரிஃப் பொறுப்பு. விசாரணைக்குக் காத்திருப்பவர்களும் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள்ளான தண்டனைக்காரர்களும் இருக்கும் இடம். பிரிசன் என்பது தண்டனை பெற்றவர்களுக்கு, மாநிலமோ மத்திய அரசோ நடத்துவது, அதற்குத் தனித் தேடல் தளங்கள். மத்தியச் சிறைத் தளத்தில் 1982 முதல் இருந்தவர்களைத் தேடலாம். கனெக்டிகட், டெலவேர், ரோட் ஐலண்ட், வெர்மான்ட், ஹவாய் மாநிலங்களில் கவுண்டி ஜெயில் என்பதே கிடையாது, எல்லாம் மாநிலத்தின் கையில். நியூயார்க் நகரத்தில் நகர நிர்வாகமே நடத்துகிறது.

மணிகண்டன், ஆஸ்டின்: குற்றம் நிரூபிக்கும் முன்பே பெயரையும் போட்டோவையும் ஊருக்கே காட்டுவது அநியாயம் இல்லையா? இந்தப் பட்டியல் எதற்காகத் திறந்திருக்கிறது?

பதில்: நியாயமான கோபம். 2022 கணக்குப்படி உள்ளூர் ஜெயில்களில் ஏதாவது ஒரு நாளில் இருப்பவர்கள் சுமார் 6,63,000 பேர், அவர்களில் 70 சதவீதம் பேர் எந்தத் தண்டனையும் பெறாதவர்கள். அதே ஒரு வருடத்தில் ஜெயிலுக்குள் போன தடவைகள் 73 லட்சம். ஆக அந்தப் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்தால் 'போலீஸ் பிடித்திருக்கிறது' என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். ஒருவர் பெயர் பட்டியலில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற நம்மவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: அனுப்பாதீர்கள்.

ஆனாலும் பட்டியலை மூடிவிடு என்று நான் சொல்லவே மாட்டேன். யாரை உள்ளே வைத்திருக்கிறோம் என்று அரசு வெளியில் சொல்ல வேண்டியிருப்பதால்தான் ஒருவரைப் பிடித்துக் காணாமல் போக்க முடிவதில்லை. நியூ ஜெர்சியில் நடந்ததைப் பாருங்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு குடியேற்றத் துறை பல நூறு பேரைப் பிடித்து ஹட்சன், பசேய்க் கவுண்டி ஜெயில்களில் வைத்தது. யார் யார் என்று வெளியில் சொல்லவில்லை, குடும்பங்கள் அலைந்தன. ஜெயிலர் வைத்திருக்கும் கைதிகள் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று அந்த மாநிலத்தில் ஒரு பழைய சட்டம் இருந்தது. அதை வைத்து சிவில் உரிமை அமைப்பான ஏசிஎல்யூ வழக்குப் போட்டது, 2002 மார்ச்சில் நீதிபதி பெயர்களைக் கொடு என்று உத்தரவும் போட்டார். ஏப்ரலிலேயே மத்திய அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது: குடியேற்றத் துறைக்காக வைத்திருப்பவர்களின் விவரத்தைக் கவுண்டியோ மாநிலமோ வெளியிடக் கூடாது. மேல்முறையீட்டில் அரசு ஜெயித்தது. அந்த விதி இன்றும் இருக்கிறது. அடுத்த கேள்விக்கும் அதுதான் பதில்.

ஷர்மிளா, டொராண்டோ: அக்கா, எங்கட மச்சான் ஒருத்தர் பஃபலோ பக்கம் பிடிபட்டு ஒரு கவுண்டி ஜெயிலில்தான் இருக்கிறார் என்று கூட இருந்தவர் சொல்கிறார். ஜெயில் தளத்தில் பெயரே இல்லை. பொய் சொல்கிறார்களோ?

பதில்: பொய்யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கட்டிடம் கவுண்டியுடையது, ஆனால் ஆளை வைத்திருப்பது ஐஸ் எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறை. அப்படியானால் மேலே சொன்ன விதியின்படி கவுண்டி அவர் பெயரை வெளியிடாது. ஐஸ் துறைக்கே தனித் தேடல் தளம் இருக்கிறது, அங்கே பாருங்கள். குடியேற்றத் துறை கொடுக்கும், 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும் ஏ நம்பரும் பிறந்த நாடும் தெரிந்தால் அதுதான் நல்ல வழி. இல்லையென்றால் பெயரும் பிறந்த நாடும். அங்கே பெயரின் எழுத்துக்கூட்டு அச்சு மாறாமல் இருக்க வேண்டும், பாதிப் பெயர் வேலை செய்யாது. பிறந்த நாடு என்பதற்கு அவர் இப்போது இருக்கும் நாட்டைப் போட்டுவிடாதீர்கள், இலங்கையில் பிறந்தவர் என்றால் இலங்கைதான். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் அதில் வர மாட்டார்கள்.

ரவி, பீனிக்ஸ்: ஒரு கைதி பற்றி என்னென்ன பார்க்கலாம்?

பதில்: பெயர், வயது, புக்கிங் நம்பர், கைதான நாள், என்ன குற்றச்சாட்டு, பெயில் தொகை, அடுத்த ஹியரிங் தேதி, இவை அநேகமாக எல்லா இடத்திலும் கிடைக்கும். கலிஃபோர்னியா, டெக்சாஸ் மாதிரி மாநிலங்களில் கைது பற்றிய அடிப்படை விவரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மருத்துவப் பதிவு கிடைக்காது, சிறார் பெயர் வராது. பட்டியலில் இருக்கும் குற்றச்சாட்டு போலீஸ் எழுதியது மட்டுமே. அரசு வழக்கறிஞர் அதைக் குறைத்திருக்கலாம், கைவிட்டிருக்கவும் செய்யலாம், அது ஜெயில் தளத்தில் பெரும்பாலும் தெரியாது. வழக்கு என்ன ஆனது என்று அறிய கோர்ட் கிளார்க்கின் பதிவைத்தான் பார்க்க வேண்டும்.

பெயர் வேண்டாம், நியூ ஜெர்சி: இரண்டு வருடம் முன் சின்னச் சண்டையில் கைதானேன், கேஸ் டிஸ்மிஸ் ஆகிவிட்டது. இன்னும் என் போட்டோ ஒரு தனியார் தளத்தில் இருக்கிறது. எடுக்கப் பணம் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. ஒரு தளத்தில் எடுத்தால் இன்னொன்றில் முளைக்கும். ஷெரிஃப் தளத்திலிருந்து மொத்தமாக உருவி வைத்துக்கொண்டு, அவமானத்தைக் காட்டி மிரட்டிப் பணம் பறிக்கும் தொழில் இது. கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா உட்படப் பல மாநிலங்கள் எடுப்பதற்குப் பணம் கேட்பதையே தடை செய்துவிட்டன. 2018-ல் இப்படி ஒரு தளம் நடத்தியவர்கள் மேல் கலிஃபோர்னியா கிரிமினல் வழக்கே போட்டது. போட்டோ வெளியே போவதையே குறைக்கும் சட்டங்களும் வந்திருக்கின்றன: நியூயார்க்கில் 2019-ல், யூட்டாவில் 2021-ல். பட்டியலைத் திறந்து வை, முகத்தைக் கடைபரப்பாதே, இதுதான் என் கருத்தும்.

நீங்கள் செய்ய வேண்டியது: டிஸ்மிஸ் ஆன கைதை எக்ஸ்பஞ்ச் செய்ய, அதாவது பதிவையே நீக்க, கோர்ட்டில் மனு போடுங்கள். உத்தரவு கையில் வந்ததும் அதன் நகலைப் போலீஸ், ஜெயில், கோர்ட், தனியார் தளம் எல்லோருக்கும் அனுப்புங்கள். அனுப்பியதோடு விட்டுவிடாமல் சில வாரம் கழித்து நீங்களே தேடிப் பாருங்கள். ஏன் என்றால், பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டியில் 2008-ல் ஒரு கைதித் தேடல் வசதி வைத்தார்கள், 1938 முதல் உள்ளே போன சுமார் 67,000 பேரின் விவரத்தை அதில் ஏற்றிவிட்டார்கள். 1998-ல் கைதாகி 2000-லேயே பதிவு நீக்கப்பட்ட ஒருவர் தன் படத்தை அங்கே பார்த்து வழக்குப் போட்டார். 2019-ல் ஜூரி அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் 1,000 டாலர் என்று தீர்ப்புச் சொன்னது. அழிக்கச் சொல்லி உத்தரவு இருந்தும் ஒரு பழைய பட்டியலில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நீங்கள்தான் துரத்த வேண்டும்.

கவிதா, சார்லட்: கணவர் குடித்துவிட்டு ஓட்டியதாக ஒரு கைது, தண்டனை இல்லை. பேக்ரவுண்ட் செக்கில் வருமா? விசாவுக்குப் பிரச்சினையா?

பதில்: தண்டனையில் முடியாத கைதை, வேலைக்கு எடுக்கும் முன் பின்னணி விசாரிக்கும் தனியார் நிறுவனங்கள் 7 வருடத்துக்கு மேல் ரிப்போர்ட்டில் காட்டக் கூடாது என்பது மத்தியச் சட்டம், ஆனால் 75,000 டாலரோ அதற்கு மேலோ ஆண்டுச் சம்பளம் உள்ள வேலைக்கு இந்த வரம்பு இல்லை. சில மாநிலங்கள் இதைவிடக் கடுமையாகத் தடுக்கின்றன. உங்கள் விஷயத்தில் 7 வருடம் ஆகவில்லை என்றால் வரலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விசா வேறு கதை. இந்த மாதிரிக் கைது ஒன்றுக்காகவே, தண்டனை இல்லாவிட்டாலும், வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறது. விசா விண்ணப்பத்தில் 'எப்போதாவது கைதானீர்களா' என்றுதான் கேட்பார்கள், தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் அல்ல. எக்ஸ்பஞ்ச் ஆகிவிட்டது என்று நினைத்து 'இல்லை' என்று போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். இந்தியாவுக்கு டிக்கெட் போடும் முன் குடியேற்ற லாயரைப் பாருங்கள், கிரிமினல் லாயர் மட்டும் போதாது.

அருண், மதுரை (சட்ட மாணவர்): இங்கிருந்தே ஒரு கவுண்டியிடம் பதிவு கேட்டு மனு போடலாமா? எஃப்ஓஐஏ எனும் அமெரிக்கத் தகவல் அறியும் சட்டம் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 1966-ல் வந்த அந்தச் சட்டம் மத்திய அரசுத் துறைகளுக்கு மட்டும். கவுண்டிக்கு அந்தந்த மாநிலச் சட்டம். பல மாநிலங்களில் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும், ஏன் என்று கேட்க மாட்டார்கள். வர்ஜீனியா, டென்னசி போன்றவை தங்கள் மாநிலத்தவருக்கு மட்டும் என்று வைத்திருக்கின்றன, அது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2013-ல் சொல்லிவிட்டது.

ஜான்சி, சிகாகோ: குக் கவுண்டி பட்டியலில் பெயில் தொகை இல்லையே, விட மாட்டார்கள் என்று அர்த்தமா?

பதில்: அப்படி இல்லை. சிகாகோவும் குக் கவுண்டியும் இருக்கும் இல்லினாயில் 2023 செப்டம்பரிலிருந்து பணம் கட்டி வெளியே வரும் பெயிலே கிடையாது. விடுவதா வைப்பதா என்று நீதிபதி முடிவு செய்வார்.

பெயர் வேண்டாம், அட்லாண்டா: என்னை அடித்தவர் உள்ளே இருக்கிறார். அவர் எப்போது வெளியே வருவார் என்று தினமும் தளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தூக்கம் இல்லை.

பதில்: தினமும் பார்க்க வேண்டாம் அம்மா. வைன் என்று ஒரு சேவை இருக்கிறது, இலவசம், பல மாநிலங்களில் உண்டு. அந்தக் கைதியைத் தேடிப் பதிவு செய்தால் அவரை விடும்போது உங்களுக்குப் போனோ மெசேஜோ வரும். நீங்கள் பதிவு செய்தது அவருக்குத் தெரியாது. 1993 டிசம்பரில் கென்டக்கியின் லூயிவில்லில் ஒரு பெண்ணை, அவருடைய 21-வது பிறந்த நாளன்று, பெயிலில் வந்திருந்த முன்னாள் காதலன் சுட்டுக் கொன்றான். அவன் வெளியே வந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதிலிருந்துதான் மறுவருடம் இந்தச் சேவை பிறந்தது. ஆனால் இதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள், மெசேஜ் தாமதமாகலாம். பாதுகாப்பு உத்தரவு இருந்தால் நகலைக் கையிலேயே வைத்திருங்கள், இரவு தங்க வேறு ஓர் இடத்தை இப்போதே பேசி வையுங்கள்.

பாலசுப்பிரமணியன், தஞ்சாவூர் (மறுபடியும்): அம்மா, கிடைத்துவிட்டான். நீங்கள் சொன்ன மாதிரியே எஃப்என்யூ என்றுதான் இருக்கிறது, காலின் கவுண்டி. இப்போது என்ன செய்ய?

பதில்: நல்லதுங்க ஐயா. புக்கிங் நம்பரை எழுதி வையுங்கள், இனி எதற்கும் அதைத்தான் கேட்பார்கள். மகன் போன் செய்தால் நலம் மட்டும் விசாரியுங்கள், என்ன நடந்தது என்று கேட்கவே கேட்காதீர்கள், அந்தப் போன் பதிவாகும். லாயர் பிடிக்கும் வேலையை அந்தப் பையனிடம் ஒப்படையுங்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்க மகனுக்கு உரிமை உண்டு, அவர் கேட்டால்தான் ஜெயில் சொல்லும், அதனால் கேட்கச் சொல்லுங்கள். நீங்களும் ஹூஸ்டன் துணைத் தூதரகத்துக்கு எழுதலாம். 'ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உடனே பணம் அனுப்பினால் விட்டுவிடுவோம்' என்று யாராவது கூப்பிட்டால் வைத்துவிடுங்கள். இதே பொதுப் பட்டியலைப் பார்த்துத்தான் மோசடிக்காரர்கள் குடும்பங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். அப்புறம், மகன் தினமும் மாத்திரை ஏதாவது எடுப்பவரா? சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா, எதுவாக இருந்தாலும் அந்த ஜெயிலின் மருத்துவப் பிரிவுக்கு இன்றே போன் செய்து மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லுங்கள். அவரைப் பற்றி அவர்கள் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள், அதற்காக வருத்தப்படாதீர்கள். நீங்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், குறித்தவரின் பெயரையும் கேட்டு வாங்குங்கள்.