பூசைக்குள்ளேயே கெட்ட நினைப்பு வருகிறது, நான் என்ன செய்ய?

கேள்வி: எனக்கு 24 வயது. குருநகர்ப் பக்கம். கோயில் பாட்டுக்குழுவில் இருக்கிறேன். இரவில் தனிய இருக்கும்போது போனில் பார்க்கக் கூடாத படங்களைப் பார்க்கிறேன், பார்த்து முடிந்ததும் என்னையே வெறுக்கிறேன். இப்போது பூசையில் குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்ற நேரத்தில்கூட அசிங்கமான எண்ணங்களும் ஆண்டவரைத் திட்டுகிற வார்த்தைகளும் மனதுக்குள் வருகின்றன. மாதக்கணக்காக நற்கருணை வாங்கவில்லை. எனக்குக் கெட்ட ஆவி பிடித்திருக்கிறது என்று செபக்குழுவில் ஒருவர் சொல்கிறார். பாட்டுக்குழுவை விட்டுவிட யோசிக்கிறேன். சில இரவுகளில், இருந்து என்ன பிரயோசனம் என்றும் தோன்றுகிறது.
– பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியில் இருந்து தொடங்குகிறேன். அந்த நினைப்பு எப்போதாவது வந்து போகிறதா, இல்லை எப்படிச் சாவது என்று யோசிக்கிற அளவுக்குப் போகிறதா? போகிறது என்றால் இதை வாசித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்க வேண்டாம். வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. விசுவாசம் உள்ளவனுக்கு இப்படித் தோன்றுமா என்று கேட்பீர்கள். எலியா இறைவாக்கினருக்கே தோன்றியது. செடி ஒன்றுக்குக் கீழே இருந்துகொண்டு, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். கடவுள் அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. வானதூதர் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தார், பிறகும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். மற்றக் கதையெல்லாம் அதற்குப் பிறகுதான். (1 அரசர்கள் 19, இன்றைக்கே எடுத்து வாசியுங்கள்.) நீங்கள் வடிவாகச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து எவ்வளவு காலம்?

சரி, இனி விசயத்துக்கு வருவோம். நீங்கள் இரண்டு வேறு விசயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறீர்கள். இரவில் அந்தப் படத்தைத் தேடி நீங்கள் போகிறீர்கள். பூசையில் வருகிற எண்ணம் அப்படியில்லை, நீங்கள் கூப்பிடாமலே வருகிறது, வந்ததும் உங்களுக்கு உடம்பு கூசுகிறது. சாவான பாவம், அதாவது கடவுளோடு உள்ள உறவையே அறுக்கிற பெரிய பாவம் என்றால் முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்றுதான் திருச்சபை படிப்பிக்கிறது. கேட்டாலே நடுங்குகிற ஒன்றுக்கு நீங்கள் எங்கே சம்மதித்தீர்கள்? தன்னை விழுந்து வணங்கு என்று சாத்தான் சொன்னது இயேசுவின் காதிலேயே விழுந்தது. அதனால் அவர் பாவியாகவில்லையே. எல்லா வகையிலும் நம்மைப் போலச் சோதிக்கப்பட்டவர், ஆனால் பாவம் செய்யாதவர் என்று எபிரேயர் 4:15 சொல்கிறது.

அவர் பாலைவனத்தில் என்ன செய்தார் என்று கவனியுங்கள். 40 நாள் நோன்பிருந்து பசித்த மனிதர். மூன்று சோதனைக்கும் மூன்று சின்னப் பதில், மூன்றும் பைபிளின் இணைச்சட்ட நூலில் இருந்து எடுத்தவை. வாதாடவில்லை. ஏவாள் என்ன செய்தாள்? பாம்போடு நின்று கதைத்துக்கொண்டிருந்தாள். பூசையில் அந்த எண்ணம் வந்தால் நீங்களும் நின்று கதைக்க வேண்டாம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுவது, செபத்தை முதலில் இருந்து திரும்பச் சொல்வது, போய்விட்டதா என்று உள்ளே எட்டிப் பார்ப்பது, இதெல்லாம் அதை இன்னும் கூட்டிக்கொண்டுதான் வரும். இயேசுவே இரக்கமாயிரும் என்று ஒருதரம் சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடருங்கள். இந்த எண்ணங்களாலேயே நாளில் மணிக்கணக்காகப் போகிறது, ஒரே செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் இருக்க ஏலாது என்ற நிலை என்றால் அது டொக்டர்மார் ஓசிடி என்கிற நோயாகவும் இருக்கலாம். அதற்கு மருந்தும் உண்டு, பயிற்சியும் உண்டு.

கெட்ட ஆவி என்று சொன்னவருக்கு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். ஆயரின் அனுமதி பெற்ற குரு இல்லாமல் யாரும் பேயோட்ட முடியாது என்பது கத்தோலிக்கச் சட்டம், அதற்கு முன்னால் இது நோயில்லை என்பதையும் நிச்சயப்படுத்த வேண்டும். இதெல்லாம் தெரியாமல் ஆளாளுக்கு ஆவி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள், எனக்குக் கோபம்தான் வருகிறது.

புனித இஞ்ஞாசியாரைத் தெரியும்தானே, இயேசு சபையைத் தொடங்கியவர். 1522இல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது அவருக்கும் இதே வேதனை. பழைய பாவங்களைப் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் எத்தனை தரம் சொல்லியும் திருப்தியில்லை, ஏதோ விட்டுவிட்டேன் என்று திரும்பவும் ஓடுவார். தன் அறையில் இருந்த ஒரு பெரிய துவாரத்துக்குள் குதித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கடவுள் சுகம் தரும்வரை சாப்பிட மாட்டேன் என்று ஒரு கிழமை பட்டினி கிடந்தார், பாவசங்கீர்த்தனம் கேட்கிற குரு அதட்டித்தான் சாப்பிட வைத்தார். கடைசியில், சொல்லி முடித்த பாவங்களை இனிக் கிளறுவதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் அந்தப் பிடி விட்டது. அப்படி அடிபட்டு எழும்பின ஆள் பிறகு எழுதி வைத்ததில் இரண்டு விசயம் உங்களுக்கென்றே எழுதினது போல இருக்கிறது. மனம் இருண்டு கிடக்கிற நேரத்தில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே என்பது ஒன்று. ஆகவே பாட்டுக்குழுவை விட வேண்டாம். மற்றது, சாத்தான் நல்ல வீட்டுப் பெண்ணை ஏமாற்ற வந்தவனைப் போல, தகப்பனிடம் சொல்லிவிடாதே என்பதுதான் அவனுடைய முதல் நிபந்தனை, நல்ல குருவிடம் சொன்ன அன்றே அவன் திட்டம் கெட்டுவிடும் என்கிறார்.

போனைப் பற்றி நீட்டத் தேவையில்லை. படுக்கிற அறைக்குள் அது வேண்டாம், விறாந்தையில் சார்ஜ் போடுங்கள், காலையில் எழும்ப ஒரு மணிக்கூடு வாங்குங்கள். வேலையால் களைத்து வந்து தனிய இருக்கிற நேரம்தான் ஆபத்து என்பது உங்களுக்கே தெரியும். திரும்பவும் விழுவீர்கள், பெரும்பாலும். விழுந்த இரவே எழும்பி முகம் கழுவிவிட்டு ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்லிவிட்டுப் படுங்கள். நான் இனி உருப்பட மாட்டேன் என்று விடியும்வரை இருந்து அழுவது பாவத்துக்காக வருந்துகிற மனத்துயர் இல்லை, அது அடுத்த சோதனை.

மிச்சம் இருப்பது பாவசங்கீர்த்தனம். பங்குச் சுவாமிக்கு உங்கள் குரல் தெரியும், ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவில் முகத்தையும் பார்ப்பார், அந்த வெட்கம் எனக்கு விளங்குகிறது. நம்முடைய ஊரில் யாருக்கு யாரைத் தெரியாது! அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. பெரிய கோயிலுக்குப் போகலாம், சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு பங்குக்குப் போகலாம். எந்தக் குருவும் கேட்டதை வெளியில் விட முடியாது, வேண்டுமென்று விட்டால் அந்த நேரமே அவர் திருச்சபைக்குப் புறம்பாகிவிடுவார். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதிய கடிதத்தையே கொண்டுபோய் வாசியுங்கள், கிட்டத்தட்ட எல்லாமே அதில் இருக்கிறது.