கணினி திறக்கவில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டு மேசைக் கணினி வழக்கம்போல் தொடங்க மறுப்பது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அச்சுப்பொறி, அலைபேசி குறித்துக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி (கரூர்): பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறார் கடைக்காரர். உண்மைதானா ஐயா?

இருக்கலாம், ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும். விசிறி சுற்றுவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 12 வோல்ட் வருகிறது என்பதற்குச் சான்றே தவிர, பிராசஸர் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்குச் சான்று அன்று. பிராசஸருக்கென்று மதர்போர்டின் மேல்மூலையில் 4 அல்லது 8 பின் கொண்ட தனி இணைப்பு உண்டு. கேபினெட்டைத் தூசி தட்டியபோது அது தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். அடுத்ததாக, மானிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். உங்கள் இன்டெல் பிராசஸரின் எண் 12400எஃப் என்பதுபோல் ‘எஃப்’ எழுத்தில் முடிந்தால், மதர்போர்டில் உள்ள துளையிலிருந்து படமே வராது.

இரண்டும் சரியாக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். மதர்போர்டில் செருகும் சிறிய பீப் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். இப்போதைய கேபினெட்டுகள் பலவற்றில் அது வருவதில்லை. பிளக்கைப் பிடுங்கி, ராம் (நினைவகப் பட்டை) அனைத்தையும் கழற்றிவிட்டு, மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பொத்தானை அழுத்துங்கள். ராம் இல்லை என்று பீப் ஒலி எழுப்பினால், பிராசஸரும், கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளான பயாஸும் உயிரோடு இருக்கின்றன. பழி பெரும்பாலும் ராம் மீதோ கிராபிக்ஸ் கார்டு மீதோதான் விழும். அதன்பின் மறுபடி பிளக்கைப் பிடுங்கி, ஒரே ஒரு ராமை, கையேடு சொல்லும் ஸ்லாட்டில், கொக்கி ‘டக்’கென்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்திப் பாருங்கள். டிடிஆர்5 என்ற புதுவகை ராம் என்றால் முதல்முறை தன்னைச் சரிபார்த்துக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட எடுக்கும். கறுப்புத் திரையைக் கண்டு பதறி அணைத்துவிட்டால், அது தொடக்கத்திலிருந்து வேலையை ஆரம்பிக்கும்.

கேள்வி (ஈரோடு): ராமை ரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடுமே! அதை ஏன் எழுதவில்லை?

வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ராமின் முனைகளில் உள்ள தங்கப் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரான் தடிமனைக்கூட எட்டாது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதைத்தான் சுரண்டுகிறீர்கள். தங்கத்தில் துரு பிடிப்பதும் இல்லை.

அதே வாசகர்: அப்படியானால், தேய்த்ததும் கணினி திறப்பது எப்படி?

கழற்றி மீண்டும் பொருத்தியதால் திறக்கிறது. ஸ்லாட்டுக்குள் இருக்கும் வளைந்த உலோக முனைகள், ராம் உள்ளே இறங்கும்போது அதன் முனைகளை உரசிக்கொண்டே செல்கின்றன; படிந்திருந்த மெல்லிய அழுக்கு அப்போதே விலகிவிடுகிறது. அடுத்த முறை ரப்பரைத் தொடாமல், இரண்டு மூன்று தடவை கழற்றிச் செருகி மட்டும் பாருங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): ஈரோட்டு அன்பர் சொல்வதே சரி. எங்கள் ஊர் உப்புக்காற்றில் ராம் முனை பச்சை பிடிக்கிறது. செருகி எடுத்தால் போகாது.

இது நியாயமான மறுப்பு. பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உப்பு ஈரம் அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள செம்பை அரிக்கும்போது பச்சை மேலே வருகிறது. அப்போதும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் தொட்டுத் துடைப்பதையே முதலில் சொல்வேன். அதற்கும் போகாவிட்டால், பென்சிலுக்கான வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாக ஒருமுறை தேய்த்து, துகளைத் தட்டிவிட்டுப் பொருத்துங்கள். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் கூடவே கூடாது. ரப்பர் விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

கேள்வி (சேலம்): விசிறி சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை.

கரூர் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (மதுரை): தேதி தினமும் பழையதாகிக்கொண்டிருந்தது. மதர்போர்டில் உள்ள நாணய வடிவ சீமாஸ் பேட்டரியை மாற்றினேன். இப்போது விண்டோஸ் வருவதற்குள் நீலத்திரை வந்துவிடுகிறது. ஃபார்மேட் அடிக்கச் சொல்கிறார்கள்.

அடிக்காதீர்கள். காரணம் அறியாமல் ஃபார்மேட் அடிப்பது கோளாறைத் தீர்ப்பதற்கு முன் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் தீர்த்துவிடும். பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டன. விண்டோஸ் நிறுவப்பட்ட நாளில், மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா பயன்முறை ரெய்டு என்று இருந்து, இப்போது அது ஏஎச்சிஐ ஆகியிருந்தால் (அல்லது நேர்மாறாக இருந்தால்), தான் குடியிருக்கும் டிஸ்க்கையே விண்டோஸால் அணுக முடியாது. நீலத்திரையில் ‘இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய விண்டோஸில் இது 0x7பி என்ற எண்ணாகத் தெரியும். இருந்தால், பயாஸில் இப்போதுள்ள பயன்முறையை அலைபேசியில் படமெடுத்துக்கொண்டு, மற்றதற்கு மாற்றிச் சேமித்துத் தொடங்குங்கள். நீலத்திரைக்குப் பதிலாக ‘பூட் டிவைஸ் இல்லை’ என்ற செய்தி வருபவர்கள், பயாஸில் உள்ள தொடக்க முறைகளான லெகசி (பழையது), யுஇஎஃப்ஐ (புதியது) என்ற இரண்டில் எது தேர்வாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கேள்வி (திருச்சி): பயாஸ் அப்டேட் செய்தபின் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே?

விண்டோஸ் போட்டிருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. வேறொரு கருவியில் அதே கணக்கில் நுழைந்து பாருங்கள், அந்த பிட்லாக்கர் எண் அங்கே இருக்கும். அந்த எண் இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் தரவை மீட்க முடியாது. மதுரை வாசகரும் பயாஸில் கைவைக்கும் முன் இந்த எண்ணைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி (நாமக்கல்): எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெபாசிட்டரை நானே மாற்றலாமா?

வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும்.

கேள்வி (திண்டுக்கல்): விசிறி மட்டும் சுற்றுகிறது...

கரூர்.

கேள்வி (கடலூர்): விண்டோஸ் திறக்க அரை மணி நேரம் ஆகிறது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ ஒலி வருகிறது. செக்டிஸ்க் ஓட்டலாமா, ஃபார்மேட் அடிக்கலாமா?

இரண்டுமே கூடாது. அந்த ஒலி, படிக்கும் முனை தன் இடத்தைத் தேடித் திரும்பத் திரும்பத் தோற்பதால் எழுவது. டிஸ்க்கில் பிழை தேடும் நிரலான செக்டிஸ்க், டிஸ்க்கை ஓயாமல் படிக்கவைத்து, மிஞ்சியிருக்கும் உயிரையும் உறிஞ்சிவிடும். உடனே அணைத்துவிடுங்கள். வேறெங்கும் பிரதி இல்லாத கோப்புகள் அதில் இருந்தால், மீண்டும் இயக்கிப் பார்க்காமல் தரவு மீட்பகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். இழந்தாலும் பரவாயில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புது எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸை அதில் நிறுவுங்கள்.