மகன் ‘அ’ எழுதவில்லை. ஆனால் கவனிக்கவேண்டியது வேறு

கேள்வி: மகனுக்கு மூன்று வயதும் ஐந்து மாதமும். தை மாதம் முன்பள்ளியில் சேர்த்தோம். மற்றப் பிள்ளைகள் ‘அ’, ‘ஆ’ எழுதுகிறார்கள், இவன் கிறுக்குகிறான் என்று ரீச்சர் சொல்கிறார். கனடாவில் இருக்கும் அக்காவின் மகளுக்கும் இதே வயதுதான். வீடியோவில் தன் பெயரை எழுதிக் காட்டுகிறாள். இவன் கதையும் குறைவு. இரண்டிரண்டு சொல்லாகச் சொல்லுவான், எனக்கு விளங்கும். தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவராம், மாமி சொல்கிறா. வீட்டில் எழுதப் பழக்க என்ன செய்யலாம்? (ஒரு தாய், கோப்பாய்)

பதில்: எழுத்தை இப்போதைக்கு விடுங்கள். ஏடு தொடக்கும்போது ஐயர் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவித்ததோடு பிள்ளை எழுதத் தொடங்கிவிடும் என்று நினைக்கிறோம். எழுதியது ஐயரின் கைதான்! மூன்று வயதில், நீங்கள் வட்டம் கீறிக் காட்டினால் பார்த்துக் கீறுவான். கூட்டல் அடையாளம் நான்கு வயதளவில், முக்கோணம் ஐந்தளவில். ‘அ’வுக்கோ சுழித்து, வளைத்து, குறுக்கே இழுத்து, நிமிர்ந்த கோடும் போடவேண்டும். முதலாம் வகுப்புக்கே ஐந்து வயது முடியவேண்டும், அவசரம் எதற்கு?

கொப்பிக்குப் பதில் அவித்த பனங்கிழங்கைக் கொடுங்கள். தோலை உரித்து, பிளந்து, தும்பை இழுத்தெடுக்கட்டும். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து செய்கிற வேலை அது. நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான். பக்கத்தில் இருங்கள், தும்போடு வாயில் வைத்துவிடுவான்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்தது, போகிற போக்கில் எழுதிய அந்த ‘எனக்கு விளங்கும்’ என்பதைத்தான். தாய்க்கு எல்லாம் விளங்கும். சந்திக் கடைக்காரருக்கு விளங்குகிறதா? மூன்று வயதுப் பிள்ளை சொல்வதில் முக்கால்வாசியாவது வெளியாருக்கும் விளங்கவேண்டும். ‘பஸ் போ’, ‘அம்மா தா’ என்கிற இரண்டு சொல் பேச்சு இரண்டு வயதுக்கு உரியது. மூன்றில் ‘எங்கை?’, ‘ஏன்?’ என்று கேட்டுத் துளைக்கவேண்டும். ‘றோட்டு’ என்பதை ‘யோட்டு’ என்றால் பரவாயில்லை, சில ஒலிகள் பிந்தித்தான் வரும். வசனமே வராதது வேறு விசயம். தகப்பன் பிந்திக் கதைத்தவர் என்பதும் ஆறுதல் அல்ல. பிள்ளையைப் பார்க்க அது இன்னொரு காரணம்.

முதலில் காது. தடிமன் வந்து போனபின் காதுக்குள் நீர் தங்கினால் கேட்பது கூடிக் குறையும். அப்படிப்பட்ட பிள்ளைக்குச் ‘சொல்வழி கேளான்’ என்ற பெயர்தான் கிடைக்கும். அவன் பார்க்காத நேரம் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். கை காட்டாமல், ‘செருப்பை எடுத்து அப்பாவிட்டைக் குடு’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டையும் சரியாகச் செய்தாலும் முறையான கேட்டல் பரிசோதனை தேவைதான். பிறந்தபோது தந்த வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ போங்கள். காதுப் பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் எங்கே போவது என்று கேட்டு, கடிதமும் வாங்குங்கள்.

முன்பு சொன்ன சொற்களை இப்போது விட்டுவிட்டான், முகம் பார்ப்பதில்லை, சிரட்டையில் மண்சோறு சமைப்பதுபோல் பாவனை விளையாட்டே இல்லை என்றால் இந்தக் கிழமையே போகவேண்டும்.

போனை எவ்வளவு நேரம் பார்க்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதுக்கு நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 ஆலோசனை. கார்ட்டூன் ஓயாமல் கதைக்கும், இவன் பதில் சொல்லும்வரை நிற்காது. நீங்கள் நிற்கலாம். ‘பஸ் போ’ என்றால், ‘ஓம், பருத்தித்துறை பஸ் போகுது. ஆர் இருக்கினம்?’ என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். அக்காவின் மகளோடும் எழுத்துக் காட்டாமல் கதைக்க விடுங்கள்.

அப்புறம், ரீச்சரிடம் ஒன்று கேளுங்கள்: மற்றப் பிள்ளைகளோடு இவன் என்ன கதைக்கிறான்? அவர் சொல்வதை அப்படியே ஒரு துண்டில் எழுதி, பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டு போங்கள்.