எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏ இருக்க, எந்த ஜீன் எங்கே இயங்கும் என்பதை எது தீர்மானிக்கிறது?

புரதத்துக்கான குறிப்பு இல்லாத சில டிஎன்ஏ துண்டுகள்தான். ஜீன் தொடங்கும் இடத்தை ஒட்டி இருப்பது புரொமோட்டர். ஆர்என்ஏ பாலிமரேஸ் என்சைம் அங்கே அமர்ந்துதான் ஜீனை ஆர்என்ஏவாகப் படியெடுக்கத் தொடங்கும். ஆனால் பல ஜீன்களுக்கு அது மட்டும் போதாது. எந்தத் திசுவில், எப்போது, எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் படியெடுப்பைத் தூண்டும் என்ஹான்சர் என்ற துண்டுகள் முடிவு செய்கின்றன. படியெடுப்பை அடக்கும் சைலன்சர்களும் உண்டு.

ஒரு நிஜ உதாரணம் பார்ப்போம். கருவில் கை, கால் வளர சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற ஜீன் வேண்டும். அதைக் கை கால்களில் இயக்கும் என்ஹான்சரின் பெயர் இசட்ஆர்எஸ். இது இருப்பது ஜீனிலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகள்) தள்ளி, அதுவும் வேறொரு ஜீனின் நடுவே! அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வேலை செய்கிறது? டிஎன்ஏ வளைந்து மடிவதால் இரண்டும் நெருங்கி வருகின்றன. என்ஹான்சரில் ஒட்டியிருக்கும் புரதங்கள் பாலிமரேஸை முடுக்கிவிடுகின்றன. அந்தப் புரதங்கள் சரியான சேர்க்கையில் இருக்கும் செல்லில்தான் இது நடக்கும்.

சாதாரணமாக, வளரும் கை கால்களில் இந்த ஜீன் சுண்டுவிரல் பக்கம் மட்டுமே இயங்கும். இசட்ஆர்எஸ்ஸில் சில இடங்களில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் கட்டைவிரல் பக்கமும் இயங்கி, கூடுதல் விரல் முளைக்கலாம். ஜீனில் எந்தப் பழுதும் இருக்காது. எலியில் இந்தத் துண்டை நீக்கியபோது கால்கள் குறுகிப் போயின. அதே ஜீன் உடலின் மற்ற இடங்களில் வழக்கம்போல இயங்கியது. 2016இல் எலியின் இசட்ஆர்எஸ்ஸுக்குப் பதில் பாம்பினுடையதை வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் கால்கள் சரியாக வளரவில்லை.