மனித மனம் நிகழ்தகவைக் கணிக்கவே லாயக்கற்றதா?

படித்தவர்கள்கூட ‘லிண்டா’ வினாவில் சறுக்குவதைச் சொல்லி இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

வினா தெரியாதவர்களுக்காக: 1983-இல் உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானெமனும் வெளியிட்டது. லிண்டாவுக்கு 31 வயது, தத்துவம் படித்தவர், மாணவப் பருவத்தில் சமூக நீதிக்காகப் போராடியவர். அவர் வங்கிக் காசாளராக இருக்க வாய்ப்பு அதிகமா, காசாளராகவும் பெண்ணியவாதியாகவும் இருக்கவா? 85 சதவீதம் பேர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். பெண்ணியவாதிக் காசாளர்களும் காசாளர்கள்தானே என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை.

என்னை மாற்றியது, அயர்லாந்தில் பணிபுரியும் ஆய்வாளர்கள் காஸ்டெல்லோவும் வாட்ஸும் 2014-இல் முன்வைத்த ஒரு கணித மாதிரி (model). மனம் முறையாகத்தான் எண்ணுகிறது என்கிறார்கள். பழைய நிகழ்வுகளை நினைவிலிருந்து எடுத்து எண்ணும்போது, நடந்ததைச் சில சமயம் நடக்காததாகவும், நடக்காததை நடந்ததாகவும் படித்துவிடுகிறது. பத்துக்கு ஒன்று இப்படிப் பிசகினால் 5 சதவீத வாய்ப்பு சராசரியாக 14 ஆகத் தெரியும், 95 இறங்கி 86 ஆகும், 50 அசையாது. அரிதானதை நாம் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு இதைவிடச் சிக்கனமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

இதிலிருந்து ஒரு விசித்திரமான கணிப்பு வருகிறது. ‘அ’, ‘ஆ’ என்ற இரு நிகழ்வுகளின் மதிப்பீடுகளையும் கூட்டி, ‘இரண்டும்’, ‘ஏதாவது ஒன்றாவது’ என்பவற்றின் மதிப்பீடுகளைக் கழித்தால் நான்கிலும் ஒட்டியிருக்கும் பிசகு தானே அடிபட்டு, சராசரி பூஜ்யம் வர வேண்டும். பலரிடம் கேட்டுப் பார்த்தபோது பூஜ்யத்தை ஒட்டியே வந்தது.

சும்மா இருக்க முடியாமல், மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த அத்தையிடம் கேட்டேன். இன்று மாலை மழை வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு? 60. மின்சாரம் போக? 40. இரண்டும்? 45. ஏதாவது ஒன்றாவது? 60. கூட்டிக் கழித்தால் ஐந்துதான் இடிக்கிறது. ஆனால் லிண்டா வினாவின் அதே சறுக்கலும் இருக்கிறது: இரண்டும் சேர்ந்து நடக்க 45, மின்சாரம் போவதற்கோ 40தான். சுட்டிக்காட்டினேன். “மழை வந்தால் மின்சாரம் போகத்தானே செய்யும், இதில் என்ன கேள்வி?” என்றார். நான் கேட்டது ஒன்று, அவர் காதில் விழுந்தது வேறொன்று.

மாதிரி தடுமாறுவதும் இங்கேதான். வெறும் பிசகு சில நேரம்தான் எது பெரிது என்ற வரிசையைப் புரட்டும், 85 சதவீதம் பேரிடம் புரட்டாது. கூட்டு நிகழ்வுகளில் பிசகு சற்று அதிகம் என்று ஓர் ஒட்டுப் போடுகிறார்கள். எனக்கு அது அத்தனை திருப்தி இல்லை.

மழைக்கு அறுபது கொடுத்த அத்தை பிழிவதை நிறுத்தவில்லை. ஏன் என்றேன். “கூழ் கிளறியாயிற்றே, இனி என்ன செய்வது?” என்றார்.